முதலாம் ஆண்டு வாசல்: அழுறது பிள்ளையா, பெத்தவங்களா?

8 பிப்ரவரி 2025, சனி, இரவு 10.40

இங்கே மலேசியாவில், கெடா மாநிலத்துக் கூலிம் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி இந்த இணைய இழையில் கேட்டது, அப்படியே போடுகிறேன்:

"அடுத்த ஞாயிறு என் மக முதலாம் ஆண்டு போறா. அவளுக்கு ஒன்னுமே இல்ல, பையை மாட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பாக்குறா. எனக்குத்தான் ஒரு வாரமா சோறு இறங்கல. ராத்திரி எழுந்து அவ யூனிபாரத்தை எடுத்துப் பாத்துட்டு மறுபடி மாட்டி வைக்கிறேன். வீட்டுக்காரர்கிட்ட சொன்னா சிரிக்கிறாரு. தோட்டத்தை விட்டு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்து ரெண்டு வருஷமாச்சு, பக்கத்து வீட்டுல யாருன்னுகூட சரியாத் தெரியாது. பிள்ளைக்கு என்ன செய்யணும்னு எல்லாரும் சொல்றாங்க. பெத்தவளுக்கு என்ன செய்யணும்னு யாராச்சும் சொல்லுங்க."

9 பிப்ரவரி, காலை 6.15

தங்கச்சி, நான் ஏற்கெனவே ஒன்றை அனுப்பியவள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். என் மூத்தவள் போனது 2022 மார்ச் 20. கோவிட் கெடுபிடி இருந்த நேரம், பெற்றோர் வேலிக்கு இந்தப் பக்கம்தான். முகக்கவசம் போட்ட டீச்சர் ஒருவர் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். மொத்தம் நாலு நிமிஷம். அவளும் அழவில்லை, நானும் அழவில்லை.

என் கட்சி இது: வாசலில் விடு, நெற்றியில் ஒரு முத்தம், திரும்பிப் பார்க்காமல் மோட்டாரை எடு. வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அம்மாக்களைப் பார்த்துத்தான் உள்ளே பிள்ளைகள் வாயைக் கோணுகின்றன.

அனுப்பாமல் இருக்கவும் வழியில்லை. ஆரம்பக் கல்வி 2003லிருந்து கட்டாயம். அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. அழுதுகொண்டே அனுப்பினால் அபராதம் கிடையாது.

9 பிப்ரவரி, இரவு 9.30

பாடாங் செராய் அண்ணன் ஒருவர், "அப்போ அது பாக்காத நேரமா நழுவிடணும், அதானே?" என்கிறார். இல்லை அண்ணே. நழுவினால் பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொள்ளும்: அம்மாவிடமிருந்து கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவாள். அப்புறம் வீட்டில் குளிக்கப் போனாலும் கதவைத் தட்டும். சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், சுருக்கமாக. "ஒரு மணிக்கு வர்றேன்" என்பதும் உதவாது, அதற்கு மணி பார்க்கத் தெரியாது. "ரெஸ்ட் முடிஞ்சு, அப்புறம் ரெண்டு பாடம் முடிஞ்சு, மணி அடிச்சா நான் அந்தக் குழாய்க்குப் பக்கத்துல நிப்பேன்" என்று சொல்லுங்கள். சொன்ன குழாய்க்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். நாலு அடி தள்ளி நின்றாலும் அன்றைக்கு நீங்கள் பொய்க்காரர்.

11 பிப்ரவரி, தைப்பூசம், இரவு

சுங்கை பட்டாணி கோயிலிலிருந்து இப்போதுதான் வந்தோம். சின்னவனுக்கு மொட்டை. மாமியார் வேண்டுதல், மூன்று வருஷமாகத் தள்ளிப்போனது இந்த வருஷம்தான் நிறைவேற வேண்டுமாம். இன்னும் ஐந்து நாளில் பள்ளி. சந்தனம் பூசின தலையோடு சோபாவில் தூங்குகிறான், பலாக்கொட்டை மாதிரி இருக்கிறது. எல்லாரும் கேலி பண்ணப் போகிறார்கள். வீட்டுக்காரர், "தொப்பி போட்டு விடு" என்கிறார். முதலாம் ஆண்டுப் பிள்ளை வகுப்புக்குள் தொப்பியோடு உட்காருமா?

இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை. எழுதினால்தான் தூக்கம் வரும் போலிருந்தது.

14 பிப்ரவரி, வெள்ளி

அம்மா பேரனுக்குப் பள்ளிச் சப்பாத்து (ஷூ) வாங்கி வந்தார். வெள்ளை! "2021லேருந்து கறுப்புதாம்மா" என்றேன். நம்பவே இல்லை. லீவு நாள் சாயங்காலம் சப்பாத்துக்கு வெள்ளை பூசி வாசற்படியில் வரிசையாகக் காயவைத்த காலத்திலேயே நிற்கிறார். கடைக்குப் போய் மாற்றிவிட்டு வந்தோம். அரசாங்கம் கொடுக்கிற 150 வெள்ளி சப்பாத்துக்கும் சட்டைக்கும் போய்விட்டது, பை நம் காசு.

வழியில் தங்கச்சியின் கேள்வியை அம்மாவிடம் சொன்னேன். "நாங்கல்லாம் அழுதோமா? அஞ்சரைக்குப் பெரட்டு, பேர் கூப்பிடுவாங்க. அழ எங்க நேரம்?" என்று முடித்துவிட்டார்.

அதைப் பற்றித்தான் அப்போதிருந்து யோசிக்கிறேன். எங்கள் தோட்டம் பீடோங்கிலிருந்து உள்ளே, வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரியும். பிள்ளை பிறந்து சில மாதத்தில் ஆயாக்கொட்டகைக்குப் போய்விடும். இருட்டோடு தூக்கிக்கொண்டு போய் ஏணையில் போட்டுவிட்டு அம்மாக்கள் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தில் பால் இறக்க, போவார்கள். ஏழு வயதில் பள்ளிக்கூடம் என்றால் ஆயாக்கொட்டகையிலிருந்து ஒரு கூப்பிடு தூரம், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்படித்தான் செம்மண் ரோட்டோரம் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒன்று முளைத்தது. டீச்சர் வீடும் தோட்டத்துக்குள்ளேயே. லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் கூட்டமாக நடப்பார்கள், யாரும் யாரையும் "கொண்டு போய் விடுவது" கிடையாது. சாயங்காலம் கோயிலடியில் டீச்சரைப் பார்த்தால் அம்மா கேட்பார், "என்னா டீச்சர், அடங்குதா?" அதுதான் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு.

அப்புறம் ரப்பர் போய் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். தோட்டம் துண்டு துண்டாக விற்றுப் போனது, நாங்கள் தாமானுக்கு வந்தோம். இப்போது பள்ளிக்கு இரும்புக் கேட், பூட்டு, காவலுக்கு ஜாகா. நான் மோட்டாரில் தனியாகப் போகிறேன், தனியாகத் திரும்புகிறேன். இடையில் என்னை "என்னா, அடங்குதா?" என்று கேட்க ஒரு ஆள் கிடையாது.

தோட்டத்தைப் புகழ்ந்து பாட வரவில்லை. லயத்தில் ஒரு வீட்டில் சண்டை என்றால் பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கும். ஒரே டீச்சர் ரெண்டு வகுப்பைப் பார்த்த பள்ளியில்தான் நானும் படித்தேன். ஆனால் பிரிவைத் தாங்குகிற பாரம் பன்னிரண்டு வீட்டுக்கும் பங்கு போனது. இப்போது அது ஒரே ஆள் தலையில். தங்கச்சிக்குச் சோறு இறங்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

16 பிப்ரவரி, ஞாயிறு, காலை 9.50

9ஆம் தேதி காலையில் எழுதினதை அழித்துவிடலாமா என்று பார்க்கிறேன். அழிக்கவில்லை, இருக்கட்டும்.

ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சின்னவன் கேட்டருகில் நின்று என் கையை விடாமல் ஒன்று கேட்டான்: "அம்மா, நீ என்ன செய்வ?"

"துணி துவைப்பேன்."

"அப்புறம்?"

"சோறாக்குவேன்."

"அப்புறம்?"

அதற்கு மேல் எனக்குப் பதில் இல்லை. மூத்தவள் போன அன்று இடுப்பில் இவன் இருந்தான். இன்றைக்கு இடுப்பில் யாரும் இல்லை. அவன் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, "சரி, டிவி பாரு" என்று அனுமதி கொடுத்துவிட்டுப் போனான். அந்த மொட்டைத் தலை கொடிக்கம்பம் வரைக்கும் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

திரும்பிப் பார்க்காமல் மோட்டாரை எடுக்கச் சொன்ன புண்ணியவதி வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி பத்து நிமிஷம் நின்றாள். தேசிய கீதம் நெகாராகூ முடிந்தது, கெடா மாநிலப் பாட்டு முடிந்தது, தலைமையாசிரியர் பேசி முடித்தார். கையில் வேலிக் கம்பியின் துரு கட்டம் கட்டமாக ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இதை எழுதுகிறேன்.

தங்கச்சி, நீ எப்படி இருக்கிறாய்?

16 பிப்ரவரி, மதியம் 2.20

வந்துவிட்டான். "ஸ்கூல் எப்படிடா?" "ம்." "என்ன படிச்ச?" "ஒன்னுமில்ல." குளிப்பாட்டும்போது அவனாகவே: "ஒருத்தன் பென்சிலைத் தின்னான்."

இதை மூத்தவளிடமே கற்றுக்கொண்டிருந்தேன், மறந்துவிட்டேன். "எப்படி இருந்துச்சு" என்பது பெரியவர்கள் கேள்வி, அதற்குப் பதில் தயார் செய்ய ஏழு வயதால் முடியாது. யார் பக்கத்தில் உட்கார்ந்தான், ரெஸ்டில் யார் எதைச் சிந்தினான், டீச்சர் கோபம் வந்தால் எப்படி இருப்பார், இப்படிச் சின்னதாகக் கேளுங்கள். அதுவும் கண்ணைப் பார்த்துக் கேட்காமல், தலை துவட்டும்போதோ மோட்டாரில் முன்னால் உட்காரவைத்தோ.

17 பிப்ரவரி

மொட்டை பற்றின கவலைக்கு ஒரு திருத்தம். வகுப்பில் மொத்தம் பதினோரு பிள்ளைகள். அதில் மொட்டை நாலு. தைப்பூசம் முடிந்து ஐந்து நாளில் தமிழ்ப்பள்ளி திறந்தால் வேறு எப்படி இருக்கும்? நாலு பேரும் ஒரே மேசை. முடி இருக்கிற பிள்ளைகள்தான் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்களாம்.

18 பிப்ரவரி

அப்பாக்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. இன்றைக்கு எழுத வேண்டி வந்தது.

என் வீட்டுக்காரர் செம்பனைப் பழக்குலை லாரி ஓட்டுகிறார். ஆலையில் வரிசை நிற்க வேண்டும் என்று சீக்கிரம் போகிறவர். நான் ரெஸ்ட் நேரத்தில் சின்னவன் மறந்துபோன தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்கப் போனேன். பள்ளிக்கு எதிரே மரத்தடி ஒட்டுக்கடை. அங்கே தே ஓ ஐஸ் தேநீர் முன்னால் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி கேன்டீன் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். லாரி நூறு அடி தள்ளி, ஒளித்துவைத்த மாதிரி, அவ்வளவு பெரிய லாரி.

என்னைப் பார்த்ததும், "டயர்ல காத்து கம்மியா இருந்துச்சு" என்றார்.

கடைக்கார அக்கா சத்தம் போட்டுச் சிரித்துவிட்டு, "மூனு நாளா காத்து கம்மியாத்தான் இருக்கு" என்றார்.

தங்கச்சி, சிரிக்கிற வீட்டுக்காரரை நம்பாதே. அவர் லாரியை எங்கே நிறுத்துகிறார் என்று பார்.

20 பிப்ரவரி

வகுப்பு வாட்சப் குழுவில் என்னைச் சேர்த்து ரெண்டு நாள்தான் ஆகிறது. காலையில் 143 செய்தி. அதில் 90 வணக்கம், பூ, கடவுள் படம். நடுவில் எங்கோ நாளைக்கு என்ன கொண்டுபோக வேண்டும் என்பது. ஓர் அப்பா, "டீச்சர், என் மகன் எத்தனை மார்க்?" என்கிறார். பள்ளி திறந்து ஐந்தாவது நாள். 2019லிருந்தே முதல் மூன்று ஆண்டுக்குத் தேர்வு கிடையாது, வகுப்பறை மதிப்பீடுதான், தேர்ச்சி நிலை 1லிருந்து 6 வரை. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆரும் 2021லேயே போய்விட்டது. சொன்னால், "அப்போ எத்தனாவது நெல?" என்கிறார். நமக்கு நம்பர் இல்லாமல் பிள்ளையைப் பார்க்கத் தெரியவில்லை.

குழுவில் பேசாத நாலைந்து பேர்தான் என் கவலை. ஓர் அம்மா எனக்குத் தனியாகக் குரல் பதிவு அனுப்பினார்: மலாயில் வருகிற சுற்றறிக்கையைப் படிக்கத் தெரியாது, குழுவில் கேட்கக் கூச்சம், டீச்சரிடம் போகப் பயம். ஆறாம் ஆண்டோடு நின்றவர். "ஆபிசுக்குள்ள நொழைஞ்சாலே எனக்கு வயித்தக் கலக்கும் அக்கா" என்கிறார்.

எனக்கு மட்டும் என்ன? போன வாரம் பெற்றோரைக் கூப்பிட்டு வகுப்பறையில் பிள்ளைகள் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முழங்கால் நெஞ்சில் இடிக்கிறது. டீச்சர் உள்ளே வந்தார், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். நான் எழுந்து நின்று, "வணக்க்க்கம் ஆசிரியர்" என்று ராகம் போட்டுவிட்டேன். எனக்குப் பின்னால் ரெண்டு அப்பாக்களும் எழுந்துவிட்டார்கள்.

பள்ளியில் அடி வாங்கினவர்கள், பெயில் ஆனவர்கள், பாதியில் நின்றவர்கள் பிள்ளையை விட வரும்போது அந்தப் பழைய பிள்ளையும் கூடவே வருகிறது. "என் மகன் தாங்குவானா" என்று நாம் கேட்பதில் பாதி நம்மைப் பற்றின கேள்வி. டீச்சர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுதல்: முதல் சந்திப்பில் குறையைச் சொல்லாதீர்கள். பிள்ளை செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லுங்கள், சின்னதாக இருந்தாலும் போதும். அந்த அம்மா அடுத்த தடவை தானாகவே வருவார்.

அந்த அம்மாவுக்கு இனி சுற்றறிக்கை வந்தால் நான் தமிழில் குரல் பதிவாகச் சொல்லி அனுப்புவதாக ஏற்பாடு.

22 பிப்ரவரி, சனி

"பள்ளியில் தங்கம், வீட்டுக்கு வந்தால் பிசாசு" என்று ஒருவர். எங்கள் வீட்டிலும் அதேதான். நேற்று முன்தினம் முட்டை உடைந்து வந்தது என்பதற்காகத் தரையில் புரண்டான். காலை முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்த பிள்ளை, அடக்க வேண்டாத இடத்தில் அவிழ்த்துவிடுகிறது. வந்ததும் கேள்வி கேட்காமல் சோறு, தண்ணீர், கொஞ்சம் சும்மா இருக்க விடுங்கள். டியூஷன் இப்போது வேண்டாம். ஒன்பதுக்குள் படுக்கை.

எப்போது கவலைப்பட வேண்டும் என்றும் கேட்டிருந்தார். முதல் ரெண்டு மூன்று வாரம் அழுகை, காலையில் வயிற்று வலி, நின்றுபோன படுக்கை ஈரம் திரும்ப வருவது எல்லாம் வந்து போகும். அது குறையாமல் மாதம் தாண்டினால், லீவு நாளிலும் தொடர்ந்தால், சாப்பாடு கெட்டால், ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரைக் கேட்டாலே ஒடுங்கினால், காத்திருக்காமல் வகுப்பு டீச்சரிடம் போங்கள்.

1 மார்ச், சனி

தங்கச்சி எழுதியிருக்கிறது: "மக நல்லாப் பழகிட்டா அக்கா. எனக்குத்தான் இன்னும் ஒரு மாதிரி."

எனக்கும்தான். யாரும் சொல்லாத விஷயம் இது. முதல் நாள் அழுகையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், ரெண்டாவது வாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் நாள் திருவிழா மாதிரி போய்விடுகிறது. ரெண்டாவது வாரம்தான் வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கிறது என்று தெரிகிறது. போன செவ்வாய் ஒன்பது மணிக்கே சோறாக்கி, குழம்பு வைத்து, அப்பளமும் பொரித்துவிட்டேன். மணி ஒன்பதே முக்கால். பன்னிரண்டுக்குள் அப்பளம் நமுத்துப்போய்விட்டது. பத்து வருஷமாக "அம்மா, அம்மா" என்று கூப்பிட்ட சத்தத்தைத் திட்டிக்கொண்டே இருந்தவள் நான்.

"வெளியே போ, நாலு பேரோடு பழகு" என்று சொல்வது சுலபம். நமக்கு முன்பின் தெரியாத ஆளிடம் போய் "பழகலாமா" என்று கேட்க வாய் வராது. என் அனுபவத்தில் வேலை கொடுத்தால்தான் பழக்கம் வரும். யாரிடமாவது ஒன்றைக் கேளுங்கள், அல்லது கொடுங்கள். மழை நாளில் ஒரு பிள்ளையை ஏற்றிக்கொள்வது, ஒரு படிவத்தை நிரப்பித் தருவது. குரல் பதிவு அனுப்புகிற அந்த அம்மாவுக்கு நான் சுற்றறிக்கை சொல்கிறேன், அவர் எனக்கு மொச்சைக்கொட்டை தருகிறார், வீட்டுக்குப் பின்னால் காய்த்தது. உதவி செய்கிறேன் என்று நினைத்துத் தொடங்கினேன். இப்போது அவர் பதிவு வரவில்லை என்றால் நான்தான் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

இன்னொன்று, விளையாட்டாகச் சொல்லவில்லை. ரெண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் அது "பிள்ளை ஸ்கூலுக்குப் போனதால" மட்டும் இருக்காது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான், அங்கே சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. தங்கச்சி, உன்னைத்தான் சொல்கிறேன். சோறு இறங்குதா, இல்லையா?

2 மார்ச்

நோன்பு முதல் நாள், கெடாவில் விடுமுறை. சாயங்காலம் பக்கத்து வீட்டு மலாய் அக்கா வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் பச்சைப்பயறு புபோர் கஞ்சி நீட்டினார். அவர் பையனும் இந்த வருஷம்தான் மலாய் வழித் தேசியப் பள்ளியில் முதலாம் ஆண்டு. ரெண்டு வருஷமாகத் தலையாட்டல் மட்டும்தான் எங்களுக்குள். இன்று அரை மணி நேரம் பேசினோம். முதல் நாள் அவர் ஸ்டோர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாராம், புருஷனுக்குத் தெரியாது. ஒரு சுவர்தான் நடுவில். இந்தப் பக்கம் நான் துருக் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி பதில்: "இறங்குது அக்கா. நேத்து ரெண்டு தட்டு."

9 மார்ச், ஞாயிறு

14ஆம் தேதி அம்மா சொன்னதற்குத் திருத்தம். அம்மாவே கொடுத்த திருத்தம்.

நான் வேலியில் நின்ற கதையைக் கேட்டு முதலில் சிரித்தார். அப்புறம் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஒங்கண்ணன் போன அன்னிக்கு நான் மரத்தக் காயம் பண்ணிட்டேன்" என்றார்.

அண்ணன் போனது 1988. மரம் வெட்டுவது என்றால் பட்டையை மட்டும் சீவ வேண்டும், உளி உள்ளே இருக்கிற தண்டைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த இடம் முண்டு முண்டாகத்தான் வளரும், அடுத்த சுற்றில் அந்தப் பட்டையில் ஒழுங்காக வெட்ட முடியாது. நல்ல வெட்டுக்காரிக்கு அது மானப் பிரச்சினை. அம்மா நல்ல வெட்டுக்காரி. அன்றைக்குப் பள்ளி மணி அடிக்கிற சத்தம் மர நிரைக்குள் கேட்டதாம். உளி உள்ளே இறங்கிவிட்டது. ஒரு மரம் இல்லை, வரிசையாக ஆறு மரம். கண்காணிக்கிற மண்டோர் வந்து கத்தினார்.

"என்னா சொன்னீங்க அவர்கிட்ட?"

"உளி மொட்டைன்னு சொன்னேன்."

அப்பா டயரில் காற்று இல்லை என்கிறார், அம்மா உளி மொட்டை என்கிறார். அப்பா என்றால் என் பிள்ளைகளின் அப்பா.

அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டார், நானும் தோண்டவில்லை. (போன வாரம் தம்பி பெண்டாட்டியிடம் சொன்னபோது நாலு மரமாம். ஆறோ நாலோ.)

ஆகவே 14ஆம் தேதி நான் எழுதிய "பன்னிரண்டு வீட்டுக்கும் பங்கு" என்பது முழு உண்மை இல்லை. பங்கு போகாத ஒரு துண்டும் இருந்திருக்கிறது. அதைக் காட்ட இடமில்லாததால் மரத்தில் இறங்கியிருக்கிறது.

20 ஏப்ரல், ஞாயிறு

இழை செத்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார். இல்லை, வேலை இருந்தது. பெஞ்சு வேலை.

மதியம் பிள்ளைகளை எடுக்க வருகிற நாங்கள் பத்துப் பதினைந்து பேர் வெயிலில் ஆளுக்கொரு மூலையில் மோட்டார் மேல் உட்கார்ந்து போனைப் பார்ப்போம். வீட்டுக்காரரும் இன்னும் ரெண்டு அப்பாக்களும் சேர்ந்து மரத்தடியில் நாலு சிமெண்டுக் கல் அடுக்கி, அதன் மேல் பழைய பலகை ஒன்றைப் போட்டார்கள். அவ்வளவுதான். பலகை ஆறடி, ஐந்து பேர் உட்காரலாம். ஐந்து பேர் ஒரே பலகையில் உட்கார்ந்தால் பேசாமல் இருக்க முடியாது, ஒருவர் எழுந்தால் மற்ற நாலு பேரும் ஆடுகிறோம். குரல் பதிவு அம்மா இப்போது பதிவு அனுப்புவதில்லை, பதினைந்து நிமிஷம் முன்னாலேயே வந்து உட்கார்ந்து நேரில் கேட்கிறார். பென்சில் தின்ற பையனின் பாட்டியும் வருகிறார். அவன் இன்னும் தின்கிறானாம்.

சின்னவனுக்கு முடி வளர்ந்துவிட்டது. நாலு பேரில் யார் யார் மொட்டையாக இருந்தது என்று டீச்சருக்கே மறந்துபோயிருக்கும். அவர்கள் மட்டும் மேசையை மாற்றவில்லை.

10 மே

பள்ளியிலிருந்து ஆட்சேபம். பெஞ்சு வேன் திரும்புகிற இடத்தை மறிக்கிறதாம். முதலில் எனக்குக் கோபம்தான். குழுவில் நீளமாக ஒன்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். போய்ப் பார்த்தால் அவர்கள் சொல்வது நியாயம், வேன்காரர் நிஜமாகவே ரெண்டு தடவை பின்னால் எடுத்து எடுத்துத் திருப்புகிறார். ஒட்டுக்கடை அக்கா தன் கடைக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். வியாபாரம் தெரிந்தவர்.

எப்போதும் ஆபிசுக்குள் நுழையப் பயந்த அந்த அம்மாதான் எங்களுக்காக உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். வெளியே வந்து, "வயித்தக் கலக்கிச்சு. ஆனாப் போயிட்டேன்" என்றார்.

14 ஜூன், சனி

மழையில் பலகை நடுவில் விரிந்துவிட்டது, நேற்று முன்தினம் கனமான ஒருவர் உட்கார்ந்ததும் முடிந்தது. (நான் இல்லை.) கல் நாலும் நன்றாக இருக்கிறது. கூலிம் தங்கச்சி அவர்கள் பள்ளிக்கு முன்னாலும் ஒன்று போடப் பார்க்கிறது, அளவு கேட்டது: ஆறடி நீளம், ஓரடி அகலம், கனம் ரெண்டு அங்குலத்துக்குக் குறையாமல். இந்தப் பக்கம் யாரிடமாவது ஷெட்டு, பழைய வீடு பிரித்த பலகை இருந்தால் சொல்லுங்கள். லாரி இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்கிறோம். டயரில் காற்றும் இருக்கிறது.